ஜூனில் பள்ளி திறக்கிறது. மகனுக்கு இன்னும் கழிப்பிடப் பழக்கம் வரவில்லை

மேற்கு மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றிலிருந்து ஒரு தாய் மார்ச் மாதத் தொடக்கத்தில் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவருடைய மகனுக்கு 2 வயது 9 மாதம். மகளுக்கு 5 மாதம். வரும் ஜூனில் மகனைச் சேர்ப்பதற்காக ஒரு தனியார் பள்ளியில் ப்ரீ-கேஜி இடம் வாங்கி, முதல் தவணைக் கட்டணமும் செலுத்திவிட்டார்கள். டயப்பர் அணிவித்து அனுப்பக் கூடாது என்றும், குழந்தை உடையிலேயே போய்விட்டால் பெற்றோர் வந்து அழைத்துச் செல்ல வேண்டும் என்றும், மூன்று முறைக்கு மேல் அப்படி நடந்தால் அடுத்த ஆண்டு வரச் சொல்லிவிடுவோம் என்றும் பள்ளியில் வாய்மொழியாகக் கூறியிருக்கிறார்கள். அதனால் ஜனவரியில் டயப்பரை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, அரை மணிக்கொரு முறை குழந்தையைக் குளியலறைக்கு அழைத்துப் போகத் தொடங்கியிருக்கிறார். சிறுநீர் பாதி நாட்கள் சரியாக நடக்கிறது. மலம் கழிக்க மட்டும் வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்கார மறுத்து, கதவுக்குப் பின்னால் போய்க் கால்களைப் பின்னிக்கொண்டு முகம் சிவக்க நிற்கிறான். டயப்பர் போடச் சொல்லி அழுகிறான். இப்போதெல்லாம் மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறைதான் போகிறான், அதுவும் கெட்டியாக. இடைப்பட்ட நாட்களில் ஜட்டியில் கறை படிகிறது. வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தொட்டு இரண்டு முறை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். "உன் புருஷன் ஒரு வயசுலயே சொல்லிடுவான்" என்கிறார் மாமியார். ஒருநாள் பொறுமை இழந்து மகனை அடித்துவிட்டு, அன்றிரவு முழுவதும் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறார். மகனுக்கு வளர்ச்சியில் குறை இருக்கிறதா, பள்ளி இப்படி மறுக்கலாமா, பள்ளி நாட்களில் காலையில் தண்ணீரைக் குறைத்து அனுப்பலாமா, வெளியே தெரியாதபடி மெல்லிய டயப்பர் போட்டு அனுப்பினால் என்ன என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பள்ளியைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறீர்கள். ஆனால் குழந்தை நல மருத்துவராக அதைப் படித்தபோது என் கண் நின்ற இடம் வேறு: கதவுக்குப் பின்னால் கால்களைப் பின்னிக்கொண்டு நிற்கும் அந்தக் குழந்தை. அவன் முக்குகிறான் என்று வீட்டில் உள்ளவர்கள் நினைத்திருப்பீர்கள். அவன் அப்போது மலத்தை வெளியே வரவிடாமல் அடக்கிக்கொண்டிருக்கிறான். உங்கள் மகனுக்குக் கழிப்பிடப் பழக்கம் கற்றுக்கொள்ளத் தெரியாமல் இல்லை. வலிக்கும் என்று பயந்து அடக்குகிறான். இந்த இரண்டுக்கும் செய்ய வேண்டியவை நேர் எதிரானவை என்பதால், ஜூன் மாதக் கணக்கைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு இதை முதலில் பார்ப்போம்.

முதலில் மலச்சிக்கலைத் தீர்க்க வேண்டும்

ஒரு முறை கெட்டியான மலம் போய் ஆசனவாயில் வலித்துவிட்டால், மூன்று வயதுக் குழந்தை அடுத்த முறை உணர்வு வரும்போது அதை அடக்கிவிடும். அடக்கப்பட்ட மலம் பெருங்குடலில் தங்கத் தங்க அதிலிருந்து நீர் உறிஞ்சப்பட்டு, மேலும் கெட்டியாகவும் பெரிதாகவும் ஆகிறது. வெளியேறும்போது முன்பைவிட அதிகமாக வலிக்கிறது. வலித்ததால் குழந்தை இன்னும் உறுதியாக அடக்குகிறது. இப்படியே வாரக்கணக்கில் போனால் மலக்குடல் விரிந்து, நிறைந்திருக்கும் உணர்வே மங்கிவிடும். அந்த நிலையில் கெட்டியான மலத்தின் ஓரமாக நீர்த்த மலம் குழந்தைக்குத் தெரியாமலேயே கசிந்து வரும். ஜட்டியில் நீங்கள் பார்க்கும் கறை பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதற்காக அவனைக் கடிந்துகொள்வதில் பயனில்லை, ஏனெனில் அது அவன் கட்டுப்பாட்டில் நடப்பதில்லை. நிறைந்த மலக்குடல் பக்கத்தில் இருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் சிறுநீரும் அடிக்கடி, சிறிது சிறிதாக, சில நேரம் உடையிலேயே போகும். பாதி நாட்கள் சிறுநீர் தவறுவதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆகவே இந்த வாரமே அருகிலுள்ள குழந்தை நல மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் புரிந்துவிடும். மலத்தை இளக்குவதற்கு லாக்டுலோஸ் சிரப்போ, பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியோ எடைக்கு ஏற்ற அளவில் எழுதித் தருவார்கள். மருந்துக்குக் குழந்தை அடிமையாகிவிடும் என்ற அச்சத்தில் நான்கு நாள் நன்றாகப் போனதும் நிறுத்திவிடுவதுதான் பெற்றோர் செய்யும் மிகப் பெரிய தவறு. இவை குடலைத் தூண்டிவிடும் பேதி மருந்துகள் போன்றவை அல்ல. மலத்தில் நீரைத் தங்கவைத்து இளக்குபவை. விரிந்த குடல் பழைய நிலைக்குத் திரும்பவும், "வலிக்காது" என்று குழந்தை நம்பத் தொடங்கவும் பல வாரங்கள், சில நேரம் பல மாதங்கள்கூட ஆகும். நன்கு பழுத்த வாழைப்பழம் போன்ற பதத்தில், நாள்தோறும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், வலியில்லாமல் போவதுதான் நமது இலக்கு. அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லும் வேளையில் நடக்கட்டும்.

வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு, பேதிக்கு விளக்கெண்ணெய் வார்ப்பது ஆகிய மூன்றையும் அருள்கூர்ந்து விட்டுவிடுங்கள். பெரியவர்கள் அக்கறையால்தான் செய்கிறார்கள், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஏற்கெனவே வலிக்கும் இடத்தில் பலவந்தமாக எதையாவது நுழைப்பதை, அந்த இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் வேண்டும் என்பதற்கான இன்னொரு சான்றாகக் குழந்தை எடுத்துக்கொள்கிறது.

உணவில் ஒரு திருத்தம் போதும் என்று தோன்றுகிறது. நாளொன்றுக்கு நான்கு முறை பாட்டிலில் பால் குடிப்பதாகக் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இந்த வயதுக்கு 400 முதல் 500 மில்லி லிட்டர் பால் தாராளம். அதற்கு மேல் போகும் பால் வயிற்றை நிரப்பி, சோற்றையும் காயையும் பழத்தையும் வெளியே தள்ளிவிடுகிறது. பாட்டிலை நிறுத்தி டம்ளரில் இரண்டு வேளை கொடுங்கள். கொய்யா, பப்பாளி, கீரைக்கூட்டு, அவரை, பருப்புச் சாதம், ஊறவைத்த உலர் திராட்சை என்று வீட்டில் இருப்பவற்றிலேயே நார்ச்சத்து உண்டு. பிஸ்கட்டையும் ரஸ்க்கையும் குறைத்தாலே பசி இவற்றின் பக்கம் திரும்பும்.

வயதைப் பற்றி வீட்டில் பேசப்படுவது

உங்கள் மகனுக்கு இப்போது 33 மாதம். அமெரிக்கக் குழந்தை நல மருத்துவர் டி. பெரி பிரேசல்டன் 1,170 குழந்தைகளைக் கவனித்து 1962இல் வெளியிட்ட ஆய்வில், பகல் நேரக் கட்டுப்பாடு வந்த சராசரி வயது 28.5 மாதம். அதே நாட்டில் 2002இல் வெளியான மற்றோர் ஆய்வில், பகல் முழுவதும் ஈரமாகாமல் இருக்கும் நிலையைப் பெண் குழந்தைகள் ஏறத்தாழ 32.5 மாதத்திலும் ஆண் குழந்தைகள் 35 மாதத்திலும் எட்டினார்கள். நம் ஊர்ப் பழக்கம் வேறு, தொடங்கும் வயதும் வேறு என்றாலும், 33 மாதத்தில் பாதிப் பழக்கம் வந்திருப்பதை வளர்ச்சிக் குறை என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். அவன் பேசுவது, ஓடுவது, கதை கேட்பது பற்றியெல்லாம் நீங்கள் எழுதியிருப்பதிலும் கவலைப்பட ஒன்றுமில்லை. இரவில் நனைப்பதை இப்போது கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். 5 வயதிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 15 குழந்தைகள் இரவில் நனைக்கிறார்கள், அந்த வயது வரை அதை நாங்கள் நோயாகக் கருதுவதில்லை.

உங்கள் மாமியார் சொல்வது பொய்யும் இல்லை. கால்களை நீட்டி உட்கார்ந்து, இரு பாதங்களுக்கு இடையில் கைக்குழந்தையை அமர்த்தி, "ஸ்ஸ்" என்று ஒலி எழுப்பிக் காலையில் போகவைத்த தலைமுறை அது. குழந்தையின் முகத்தையும் நேரத்தையும் நாள் முழுவதும் கவனிக்க வீட்டில் ஆளிருந்தார்கள். துணிக்கோவணமும் மண்தரையும் இருந்தன. தவறினால் ஒரு குடம் தண்ணீரோடு முடிந்துவிடும். அங்கே குறிப்பறிந்து செயல்பட்டவர் பெரியவர். தானே உணர்ந்து, அடக்கி, சொல்லி, உடையை இறக்கி, உட்கார்ந்து போவது என்ற முழு வேலையும் ஒரு வயதுக் குழந்தைக்குக் கைவராது. இதை அவரிடம் வாதமாகச் சொல்லாமல், அவருடைய பொறுமையைக் கடனாகக் கேளுங்கள். கைக்குழந்தையோடு நீங்கள் திணறும் இந்த மாதங்களில், காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு பேரனோடு பத்து நிமிடம் உட்காரும் பொறுப்பை அவர் ஏற்றால், அவரைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார்.

சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் முடியும் என்ற எண்ணத்தையும் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். 27 மாதத்துக்கு முன்பே தீவிரமாகத் தொடங்குவதால் பழக்கம் முன்கூட்டியே முடிந்துவிடுவதில்லை, தொடங்கி முடிப்பதற்கான காலம்தான் நீளுகிறது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உங்கள் வீட்டிலோ, ஜனவரி என்பது தங்கை பிறந்து மூன்று மாதமான நேரம். பாப்பாவுக்கு டயப்பர் உண்டு, அம்மாவின் மடி உண்டு. தன்னுடைய டயப்பர் மட்டும் ஒரே நாளில் மறைந்துவிட்டது. அவன் டயப்பர் கேட்டு அழுவதில் இந்த வருத்தமும் கலந்திருக்கிறது.

ஜூன் வரையிலான வாரங்கள்

முதல் மூன்று நான்கு வாரங்களுக்கு மலப் பழக்கத்தைக் கற்றுத்தரும் முயற்சியை முழுவதுமாக நிறுத்திவிடுங்கள். அவன் டயப்பர் கேட்டால் போடுங்கள். பின்னடைவு என்று நினைக்க வேண்டாம். மலம் இளகி, வலி மறந்துபோகும் வரைக்கும் டயப்பர் அவனுக்கு ஒரு பாதுகாப்பு. சிறுநீருக்கு மட்டும் எழுந்ததும், சாப்பிடும் முன், வெளியே கிளம்பும் முன், தூங்கும் முன் என்று அழைத்துப் போங்கள். மூன்று வயதில் சிறுநீர்ப்பை சுமார் 120 மில்லி கொள்ளும். இரண்டு மணி நேர இடைவெளி அதற்குப் பொருத்தமானது. அரை மணிக்கொரு முறை கூப்பிட்டால் பை நிறைந்த உணர்வையே குழந்தை அறிய முடியாமல் போகும்.

மலம் இரண்டு வாரம் தொடர்ந்து இளக்கமாகப் போன பிறகு, கதவுக்குப் பின்னால் நிற்பவனைக் குளியலறைக்குள் வந்து டயப்பரிலேயே போகச் சொல்லுங்கள். சில நாட்களில், டயப்பரோடு மூடிய டாய்லெட்டின் மேல் உட்காரட்டும். அடுத்து டயப்பரைத் தளர்த்திவிடலாம். ஒவ்வொரு படியும் அவனுக்கு இயல்பாகிப் போன பிறகே அடுத்த படி. கால் தொங்கினால் குழந்தையால் சரியாக முக்க முடியாது. ஆகவே முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்கும்படி ஒரு முக்காலியை வையுங்கள், ஓட்டையைச் சிறிதாக்கும் வளைய இருக்கையையும் பொருத்துங்கள். இந்தியன் டாய்லெட்டில் குந்துவது மலம் கழிக்க நல்ல நிலைதான், ஆனால் இருட்டான பெரிய பீங்கான் குழி சிறு குழந்தையை மிரட்டும். வேண்டுமானால் முதலில் ஒரு பிளாஸ்டிக் கழிப்பிருக்கையை வெளிச்சமான இடத்தில் வைத்துப் பழக்குங்கள். உணவு வயிற்றுக்குள் போனதும் குடல் அசைவது இயற்கை என்பதால், காலைச் சாப்பாடு முடிந்த 15 முதல் 30 நிமிடத்துக்குள் ஐந்து நிமிடம் உட்கார்வதே போதும். உட்கார்ந்ததற்குப் பாராட்டுங்கள், போனானா இல்லையா என்பதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

காலையில் தண்ணீரைக் குறைப்பதை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், சிறுநீர் அடர்ந்து எரிச்சல் தரும், சிறுநீர்த் தொற்றுக்கும் வழி திறக்கும். பள்ளி மாணவர்களில், குறிப்பாகப் பெண் குழந்தைகளில், கழிப்பிடத்துக்குப் போகப் பிடிக்காமல் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்து தொற்றோடு வருபவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். அந்தப் பழக்கத்தை நாமே இரண்டே முக்கால் வயதில் தொடங்கி வைக்க வேண்டாம்.

பள்ளியின் நிபந்தனை

சட்டத்தைப் பொறுத்தவரை நேர்மையாகச் சொல்ல வேண்டியது இது: 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. ப்ரீ-கேஜிக்கு இப்படி நிபந்தனை விதிக்கக் கூடாது என்று அதைக் காட்டி ஒரு தனியார் பள்ளியை நீங்கள் கட்டாயப்படுத்த முடியாது. எனினும், உடையில் போய்விட்ட குழந்தையை அடிப்பதும், வகுப்பின் முன் நிறுத்தி அவமானப்படுத்துவதும், ஈர உடையோடு மணிக்கணக்கில் உட்கார வைப்பதும் வேறு விஷயம். குழந்தையைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் அதற்கு உடல் துன்பமோ மனத் துன்பமோ நேரும்படி தாக்கினாலும் புறக்கணித்தாலும், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவின் கீழ் அது குற்றம். அந்தப் பாதுகாப்பு 18 வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் உண்டு. உதவி தேவைப்பட்டால் 1098 என்ற எண் இருக்கிறது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்காக வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரோடு ஒரு பராமரிப்பாளரும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருப்பது, இந்த வயதுக்குக் கல்வியில் பாதி பராமரிப்புதான் என்பதால்தான். பள்ளியின் பக்கத்தையும் நினைத்துப் பார்க்கிறேன்: ஒரே ஆயாம்மா முப்பது குழந்தைகளுக்குக் கால் கழுவிவிட வேண்டியிருந்தால், அவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது கடினம். அந்தக் குறையைச் சரிசெய்ய வேண்டியது நிர்வாகம். அதன் சுமை மூன்று வயதுக் குழந்தையின் குடலின் மேல் இறங்கக் கூடாது.

ஆகவே மறைத்து டயப்பர் போட்டு அனுப்பாதீர்கள். முதல் வாரமே தெரிந்துவிடும். அதன்பின் நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள், குழந்தைக்கும் இது ஒளிக்க வேண்டிய விஷயம் என்று ஆகிவிடும். அதற்குப் பதிலாக ஏப்ரலிலேயே முதல்வரை நேரில் சந்தித்து, மலச்சிக்கலுக்குச் சிகிச்சை நடக்கிறது என்ற மருத்துவரின் கடிதத்தைக் கொடுத்து, கீழே உள்ளவற்றைக் கேளுங்கள்.

• டாய்லெட்டை நீங்களும் மகனும் நேரில் பார்க்க அனுமதிப்பார்களா? பள்ளி திறக்கும் முன்பே அவன் ஒரு முறை அங்கே சிறுநீர் கழித்துப் பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

• யார் அழைத்துச் செல்வார், யார் கழுவிவிடுவார், அப்போது கதவு எப்படி இருக்கும்? பெயர் சொல்லக்கூடிய ஒரு பெண் பணியாளராக இருக்க வேண்டும். தாழிட்ட கதவுக்குள் இருக்கக் கூடாது. அவரைத் தவிர வேறு யாரும் அங்கே தொடக் கூடாது என்பதையும், நடந்ததை அம்மாவிடம் சொல்லலாம் என்பதையும் மகனுக்கு எளிய சொற்களில் சொல்லி வையுங்கள்.

• குழந்தை கேட்கும்வரை காத்திராமல், வந்ததும் ஒரு முறை, இடைவேளையில் ஒரு முறை அழைத்துச் செல்வார்களா?

• "மூன்று முறை" என்பது எழுத்து வடிவ விதியா? அப்படியென்றால் கட்டிய கட்டணத்தின் நிலை என்ன?

சொல்லைப் பற்றியும் ஒன்று. உங்கள் வீட்டில் அவன் "ஆய்", "சூசூ" என்று சொல்வான். பள்ளியில் ஆங்கிலத்தில் அனுமதி கேட்க வேண்டும் என்று எதிர்பார்த்தால், வாக்கியம் வராமல் உடையிலேயே போய்விடும் குழந்தைகள் உண்டு. அவன் சொல்லும் சொற்கள் எவை என்று ஆசிரியரிடமும் ஆயாம்மாவிடமும் எழுதிக் கொடுங்கள். சீருடையில் பெல்ட்டும் பித்தானும் இருந்தால், எலாஸ்டிக் வைத்த கால்சட்டைக்கு அனுமதி கேளுங்கள். பையில் இரண்டு மாற்றுடை இருக்கட்டும். தானே கழுவிக்கொள்வது 4, 5 வயதுக்குரிய திறமை. அதை இப்போதே பள்ளி எதிர்பார்த்தால் அது நியாயமில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

மருத்துவரைப் பார்க்கும்போது இவற்றில் ஏதாவது இருந்தால் கட்டாயம் குறிப்பிடுங்கள்: பிறந்து இரண்டு நாள் கழித்துத்தான் முதல் மலம் போனது, வயிறு உப்பி வாந்தி வருவது, எடை ஏறாதது, சிறுநீர் சொட்டிக்கொண்டே இருப்பது அல்லது தாரை மெலிந்திருப்பது, எரிச்சலோடு காய்ச்சல், இடுப்புக்குக் கீழே முதுகெலும்பின் மேல் குழியோ முடிக்கொத்தோ இருப்பது, திடீரென்று மிகுந்த தாகமும் அளவுக்கு மீறிய சிறுநீரும். உங்கள் கடிதத்தில் இவை எதையும் காணவில்லை. ஆனால் இவற்றைக் கடிதத்தில் பார்ப்பதைவிட நேரில் பார்ப்பதே முறை.

அடித்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஐந்து மாதக் குழந்தையோடு, தூக்கமில்லாமல், ஒரு பள்ளியின் கெடுவைத் தலையில் சுமந்துகொண்டிருந்த அம்மா நீங்கள். அது சரியில்லை என்று உங்களுக்கே தெரிந்திருப்பதால் நான் மீண்டும் சொல்ல வேண்டியதில்லை. அவனை மடியில் வைத்து, "அம்மா அடிச்சது தப்பு, இனிமே ஆய் வலிக்காம வர டாக்டர் மருந்து தருவாங்க" என்று சொல்லுங்கள். இந்த வயதுக் குழந்தைக்கு அது புரியும். உங்கள் கணவரும் இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும். இரவு மருந்து கொடுக்கும் வேலை அவருடையதாக இருக்கட்டும்.

மே மாதக் கடைசியிலும் அவன் டயப்பரில்தான் மலம் கழிக்கிறான் என்றால், பெரிய இழப்பு ஒன்றுமில்லை. மூன்று மணி நேரப் பள்ளிக்கு மலம் அவசியமான பாடமில்லை. காலையில் வீட்டிலேயே போய்விட்டால், சிறுநீருக்கு மட்டும் பழகிய குழந்தையாக அவன் போய்வர முடியும். கசிவு நிற்காதிருந்தால் மட்டும் சேர்க்கையைத் தள்ளி வைக்கலாம். விஜயதசமியன்று குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் நம் பள்ளிகள் பலவற்றில் உண்டு. அதுவரை இடத்தை வைத்திருப்பார்களா என்று ஏப்ரலில் முதல்வரைச் சந்திக்கும்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.